யூதர் குடும்பப்பெயர்களின் வரலாறு

நம் பாடசாலைகளின் வரவு இடாப்பைத் திறந்து பார்ப்போர், ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் முன்னே அவன் தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ நிற்பதைக் காண்பர். கந்தையாவின் மகன் சிவகுரு ‘கந்தையா சிவகுரு’ என எழுதப்படுகின்றான். முப்பது ஆண்டுகள் கழித்துச் சிவகுருவின் மகன் நடராசன் அதே பாடசாலையிற் சேரும்போது ‘சிவகுரு நடராசன்’ ஆகின்றான். கந்தையாவின் பெயர் இடாப்பினின்றும் மறைந்துவிடுகின்றது. நமக்கு இதில் வியப்பு யாதுமில்லை. ஆனால், ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரி அறவிடவும், அதன் ஆண்மக்களைப் படைக்கு அழைக்கவும் விரும்பும் அரசாங்க இலிகிதன் ஒருவனுக்கு இம்முறை பெருந் தலையிடியாகும். கந்தையா குடும்பமும் நடராசன் குடும்பமும் ஒன்றே என்பதை ஏட்டைக்கொண்டு அவன் அறிதல் இயலாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே மத்திய ஐரோப்பாவின் அரசுகள் தங்கள் யூதக் குடிகளைக் கணக்கெடுக்க முற்பட்டபோது எதிர்ப்பட்ட இடர் இதுவே. அவ்விடரை நீக்க அவை கண்ட வழி, யூதர் ஒவ்வொருவரும் மாறாத குடும்பப்பெயர் ஒன்றை ஏற்கவேண்டும் எனச் சட்டம் இயற்றுதல். கோல்ட்பேர்க், ரோசன்தால், ரூபின்ஸ்டைன் என்னும் பெயர்களைக் கேட்ட அளவில் அவற்றையுடையார் யூதர் என இன்று உலகம் எண்ணுகின்றது. அவையோ எபிரேயச் சொற்களல்ல, ஜேர்மன் சொற்கள். வேதத்தோடும் யூத சமயத்தோடும் அவற்றுக்கு யாதொரு தொடர்பும் இல்லை. அவற்றுட் பெரும்பாலனவற்றுக்கு வயது ஏறக்குறைய இருநூற்று நாற்பதே. தன் மரபுகளை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஊர்விட்டு ஊர் சுமந்து திரிந்த ஓர் இனத்தின் வெளியடையாளமாக, அயல் அரசின் கச்சேரியிற் பிறந்த சொற்கள் அமைந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

யூதரின் பழைய வழக்கில் ஒருவனுக்குத் தன் பெயரும் தந்தை பெயருமே உண்டு. இரண்டையும் ‘பென்’ என்னும் எபிரேயச் சொல் இணைக்கும். ‘மகன்’ என்பது அதன் பொருள். மகளாயின் ‘பத்’ என்பர். அரமேய மொழி வழங்கிய காலத்தில் ‘பென்’ என்பதற்குப் பதிலாகப் ‘பார்’ என்றனர். எகிப்திலே 1204ஆம் ஆண்டு மறைந்த பேரறிஞர் மைமோனிடீசு தம் இனத்தாரிடையே மோசே பென் மைமோன், அஃதாவது மைமோன் மகன் மோசே, எனப்பட்டார். தொழுகைக்கூடத்தில் வேதச் சுருளை ஓத ஒருவனை அழைக்கும்போதும், திருமண உடன்படிக்கை எழுதும்போதும், கல்லறையிற் பெயர் பொறிக்கும்போதும் இம்முறையே இன்றும் கையாளப்படுகின்றது. நோயுற்றோர்க்காக வேண்டுதல் செய்யும்போது மட்டும் தந்தை பெயரை விடுத்துத் தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வர். அரசாங்க ஏட்டிலுள்ள குடும்பப்பெயர் இவ்விடங்களிலே வேண்டப்படுவதில்லை.

ஒரே பெயருடையார் பலராயின் ஊரையோ தொழிலையோ சேர்த்து வேறுபடுத்தினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும், தந்தையின் தொழிலும், மகன்மையும் ஒருங்கே அமைந்திருத்தலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. எனினும் இவ்வடைமொழிகள் அவனோடு தோன்றி அவனோடு மறைவன, மகனுக்குச் செல்வனவல்ல. வழிவழியாகச் சென்ற அடைமொழிகள் பழங்காலத்தில் இரண்டே இருந்தன. ஆரோனின் வழிவந்த குருமார் ‘கோகென்’ என்றும், ஆலயப் பணிக்குரிய குலத்தார் ‘லேவி’ என்றும் வழங்கப்பட்டனர். இவை முதலிற் பெயர்களல்ல. பிறப்பால் வரும் உரிமையைக் குறித்த பட்டங்கள். பிற்காலத்திற் குடும்பப்பெயர் வேண்டும் எனச் சட்டம் வந்தபோது இப்பட்டங்களே பல நாட்டு உச்சரிப்பிலே பெயர்களாக மாறின. ஜேர்மன் நாட்டிற் ‘கான்’ ஆகிய சொல், ஹகர ஒலி இல்லாத ரஷிய மொழியிற் ‘காகன்’, ‘கோகன்’ என நின்றது. ‘காற்ஸ்’ என்னும் பெயரைக் கேட்கும் ஜேர்மானியன் பூனையை நினைப்பான். உண்மையில் அது ‘கோகென் செதெக்’ (நேர்மையுள்ள குரு) என்னும் இரு சொற்களின் எழுத்துக்களைச் சுருக்கிப் பெற்றது. ‘செகால்’ என்பதும் லேவியர் பட்டம் ஒன்றின் சுருக்கமே. சொற்றொடரைச் சுருக்கிப் புதுச்சொல் ஆக்குதல் யூத அறிஞர்க்குக் கைவந்த கலை. அதனைப் பின்னரும் காண்போம்.

சட்டம் வருமுன்னரே குடும்பப்பெயர் பெற்றிருந்தோரும் உளர். அவர்களுள் முதலில் எண்ணத்தக்கோர் இரபிமார் குடும்பத்தினர். ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்பையர் நகரத்தை விட்டுப் பெயர்ந்தோர் ஷப்பீரோ எனவும், ஹைல்பிரொன் நகரத்தார் ஹல்பெர்ன் எனவும், பொகீமியாவின் ஹொரொவிச்சே ஊரார் ஹொரொவிட்ஸ் எனவும் பெயர் பெற்றனர். இங்கே ஒன்று நோக்கற்பாலது. ஸ்பையரிலே வாழ்ந்த காலத்தில் ஒருவனை ‘ஸ்பையரான்’ என அழைத்தலாற் பயனில்லை. அங்குள்ளோர் எல்லாரும் ஸ்பையரார் அல்லரோ? அவன் போலந்துக்குச் சென்ற பின்னரே அப்பெயர் பொருளுடையதாகின்றது. ஆதலின் ஊர்ப்பெயரால் வந்த குடும்பப்பெயர் அக்குடும்பம் வாழும் ஊரைக் காட்டாது, நீங்கிய ஊரைக் காட்டும். துரத்தப்பட்டும் பெயர்ந்தும் திரிந்த ஓரினத்தின் வழிப்பயணத்தை இப்பெயர்களிலிருந்து ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

அராபிய நாகரிகம் தழைத்த ஸ்பெயின் தேசத்திலும் குடும்பப்பெயர் வழக்கு முற்பட்டே நிலைத்தது. இபின் எஸ்ரா, அபுலாபியா, அப்ரவனெல் என்பன அங்கே புகழ்பெற்ற குடும்பங்கள். 1492ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து யூதர் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது தொலேதோ நகரத்தார் ‘தொலெதானோ’ என்னும் பெயரை மொரொக்கோவுக்கும் துருக்கிப் பேரரசுக்கும் கொண்டு சென்றனர். போர்த்துக்கலில் நிகழ்ந்தது வேறு. அந்நாட்டு மன்னன் மனுவேல் 1497இல் யூதரை நாடுகடத்தாது பலவந்தமாகக் கிறித்தவராக்கினான். ஞானஸ்நானத்தோடு பெரேரா, மென்டெஸ், கொஸ்தா முதலிய போர்த்துக்கேயக் குடும்பப்பெயர்களும் அவர்களை வந்தடைந்தன. நூறாண்டு கழித்து அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகருக்குத் தப்பிச் சென்று முன்னோர் சமயத்துக்கு மீண்டனர். ஆனால் பெயரை விட்டாரல்லர். மெய்யியலறிஞர் ஸ்பினோசா பிறந்தது இக்கூட்டத்திலேயாம். இதே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையோரத்தை ஆண்டபோது ஞானஸ்நானம் பெற்ற நம் நாட்டவரும் இப்பெயர்களையே ஏற்றனர். கொழும்பிலுள்ள பெரேராவும் அம்ஸ்ரடாம் தொழுகைக்கூடத்துப் பெரேராவும் உறவினரல்லர். ஆயினும் இருவர் முன்னோர்க்கும் அப்பெயர் ஒரே வகையான சடங்கினால் வந்ததென்பது உண்மை. பெயரைக் கொண்டு குருதியுறவை நிறுவ முயல்வோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஜேர்மன் நாடுகளிலே, சட்டத்துக்கு முன்னர்க் குடும்பப்பெயர் வளர்ந்த இடங்களுள் மிகச் சுவையானது பிராங்போர்ட் நகரம். 1462ஆம் ஆண்டு அந்நகர யூதர் யாவரும் மதிலோரத்தே ஒடுங்கிய தெரு ஒன்றினுட் குடியேற்றப்பட்டனர். மக்கள் பெருகினும் தெரு பெருகவில்லை. வீடுகள் நெருக்கமாகவும் உயரமாகவும் எழுந்தன. வீடுகளுக்கு இலக்கம் இன்மையால் ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓர் அடையாளம் தொங்கியது; கப்பல், கழுகு, தீக்கோழி, நட்சத்திரம், கேடயம் எனப் பலவகை. வீட்டின் அடையாளமே வீட்டாரின் பெயராயிற்று. ஷிப், அட்லர், ஸ்திரௌஸ், ஸ்ரேர்ன் என்னும் பெயர்கள் இவ்வழி வந்தன. சிவப்புக் கேடயம் தொங்கிய வீட்டிலிருந்தோர் ‘ரொத்சைல்ட்’ எனப்பட்டனர். இக்குடும்பம் பதினேழாம் நூற்றாண்டிலேயே அவ்வீட்டை விட்டு வேறொரு வீட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. வட்டித்தொழிலாலும் நாணய வணிகத்தாலும் உலகப் புகழ் எய்திய மேயர் அம்செல் ரொத்சைல்ட் 1744இற் பிறந்தது அந்த இரண்டாம் வீட்டிலே. செல்வம் சேர்ந்தபின் அவர் வாங்கிய வீடோ பச்சைக் கேடயம் உடையது! ஆயினும் பெயர் சிவப்புக் கேடயமாகவே நின்றுவிட்டது. கருங்கேடய வீட்டிலிருந்து வந்தது ‘சுவாட்ஸ்சைல்ட்’ என்னும் பெயர். ஒளியும் தப்பமுடியாத கருந்துளையின் எல்லையைக் கணிக்கும் சமன்பாட்டிலே விஞ்ஞான மாணவர் இன்று அப்பெயரைப் படிக்கின்றனர். அதனைக் கண்ட கார்ல் சுவாட்ஸ்சைல்ட் பிராங்போர்ட் நகரத்தவரே.

இவை எல்லாம் சிலர் பெயர்கள். போலந்து, கலீசியா, மொறாவியா, உக்ரெயின் நாடுகளில் வாழ்ந்த பெருந்தொகையினர்க்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை குடும்பப்பெயர் இல்லை. அதனால் அவர்கள் குறையேதும் உணர்ந்ததாகவும் தெரியவில்லை. குறையுணர்ந்தது அரசு.

ஒஸ்திரியப் பேரரசன் இரண்டாம் யோசேப்பு சீர்திருத்தங்களில் அளவிறந்த ஆர்வமுடையவன். 1772இற் போலந்து பங்கிடப்பட்டபோது கலீசியா ஒஸ்திரியாவின் கைப்பட, யூதக் குடிகள் பெருந்தொகையாய் அவன் ஆட்சியுள் வந்தனர். 1782இல் வியன்னா யூதர்க்கு அவன் அளித்த சகிப்பாணை, பாடசாலைகளையும் பல தொழில்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. அதே வேளையில் வணிகக் கணக்குகளை எபிரேய எழுத்தில் எழுதுதலைத் தடுத்தது. அவன் கொள்கை இதுவே: யூதர் பயனுள்ள பிரசைகளாதல் வேண்டும், அதற்கு அவர்கள் அரசின் மொழியில் அரசின் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். 1787ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி வெளிவந்த ஆணை, 1788ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் யூதர் ஒவ்வொருவரும் நிலையான குடும்பப்பெயரோடு விளங்கவேண்டும் என விதித்தது. மணமாகாத பெண்கள் தந்தை பெயரையும், மணமானோர் கணவன் பெயரையும் ஏற்கவேண்டும். யூத மொழியிலும் வசிக்கும் ஊரைக்கொண்டும் அதுவரை வழங்கிய பெயர்கள் முற்றாக ஒழியவேண்டும். ஏடுகள் ஜேர்மன் மொழியிலேயே எழுதப்படும். மீறியோர்க்குத் தண்டம். அதே 1788ஆம் ஆண்டிற் கலீசிய யூதர் படைச்சேவைக்கும் உட்படுத்தப்பட்டனர் என்பதை நோக்கின், பெயரும் படையும் ஒரே ஏட்டிலிருந்து எழுந்தவை என்பது விளங்கும். சகிப்பும் கண்காணிப்பும் இவ்வாணையிலே பிரிக்கவொண்ணாதவாறு கலந்துள்ளன. யோசேப்பை வள்ளல் என்பாரும் கொடுங்கோலன் என்பாரும் அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே காண்கின்றனர் என்பது எம் கருத்து.

குறுகிய காலத்தில் எண்ணிறந்த குடும்பங்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. ஜேர்மன் மொழியின் தொகைச்சொல் அமைப்பு இதற்கு வசதியளித்தது. பொன், வெள்ளி, முத்து, ரோசா, பூ என்பவற்றில் ஒன்றை எடுத்து, மலை, கல், மரம், வயல், பள்ளத்தாக்கு என்பவற்றில் ஒன்றோடு கூட்டினால் பெயர் ஒன்று பிறக்கும். கோல்ட்பேர்க் பொன்மலை, சில்பெர்ஸ்டைன் வெள்ளிக்கல், ரோசன்தால் ரோசாப் பள்ளத்தாக்கு, புளூமென்பெல்ட் பூவயல். ஐந்தும் ஐந்தும் கூடினால் இருபத்தைந்து. சொற்பட்டியலைச் சிறிது நீட்டினால் நூற்றுக்கணக்கு. அப்பொன்மலை எங்கே உள்ளது என வினாவுதல் பெரும்பாலும் வீணே; அது இலிகிதரின் ஏட்டிலே எழுந்த மலை.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பரவிய கதை ஒன்றை இங்கே ஆராய்தல் வேண்டும். கையூட்டுக் கொடுத்தவர்க்குப் பூவும் மணியும் சேர்ந்த அழகிய பெயர்களும், சிறிது கொடுத்தவர்க்கு இரும்பு, மரம் போன்ற எளிய பெயர்களும், ஒன்றும் கொடாதவர்க்கு இழிபெயர்களும் வழங்கப்பட்டன என்பது அக்கதை. கலீசியாவிற் பிறந்த எழுத்தாளர் கார்ல் எமில் பிரான்சோஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை எழுதி ஊரறியச் செய்தார். அதன்பின் நூலுக்கு நூல் அது எடுத்தாளப்பட்டு வந்தது. ஆனால் அவர் எழுதியது ஆணை பிறந்து ஏறக்குறைய நூறாண்டின் பின்னர். கிழக்கு ஐரோப்பிய யூதர் பெயர்களை மாகாணம் மாகாணமாகத் தொகுத்து ஆராய்ந்த அலெக்சாண்டர் பைதெர், இழிபெயர்கள் கலீசியாவில் ஓரளவு காணப்படினும் மொத்தத்தில் அவை மிகச் சிறுபான்மையே எனக் காட்டியுள்ளார். அழகிய பெயருடையார் யாவரும் செல்வர் ஆயின், ரோசன்பௌம்களும் கோல்ட்பேர்க்குகளும் அத்துணை பேர் ஏழைத்தெருக்களில் வாழ்ந்ததற்குக் காரணம் கூற இயலாது. பிரஷ்யா வார்சோவை ஆண்டகாலத்தில், 1804 முதல் 1806 வரை, அங்கே உத்தியோகம் பார்த்த எழுத்தாளர் ஹொப்மன் தன் மனம்போன போக்கிற் பெயர்களை வாரி வழங்கினார் என்பதும் இத்தகைய கதையே. கதை கூறுதலில் வல்லவர் ஒருவர் மேற் கதைகள் படிதல் இயல்பு. எனினும் ஓர் உண்மையை இக்கதைகள் காக்கின்றன: தன் குடும்பத்தின் பெயரை அயல்மொழி பேசும் ஓர் உத்தியோகத்தன் முன் நின்று பெறுதல் மானக்கேடாக உணரப்பட்டது. அவ்வுணர்ச்சியே கதையாகிப் பேரப்பிள்ளைகளைச் சென்றடைந்தது.

ஒஸ்திரியாவைப் பிற நாடுகளும் பின்பற்றின. நெப்போலியன் 1808ஆம் ஆண்டு யூலை 20இற் பிறப்பித்த ஆணை, பழைய ஏற்பாட்டுப் பெயர்களையும் நகரப் பெயர்களையும் குடும்பப்பெயராகக் கொள்ளுதலைத் தடுத்தது. பாடன் 1809இலும், பவேரியா 1813இலும் சட்டம் செய்தன. பிரஷ்யா 1812ஆம் ஆண்டு மார்ச் 11இல் யூதர்க்குப் பிரசாவுரிமை வழங்கியபோது, ஆறு மாதத்துட் குடும்பப்பெயரைத் தெரிவித்தல் அவ்வுரிமைக்கு நிபந்தனையாயிற்று.

பிரஷ்யாவிலே இதன் பொருளை ஒரு குடும்பத்தின் வரலாற்றாற் காணலாம். வேதச் சுருள்களைப் படியெடுத்துப் பிழைத்த மென்டெல் என்னும் ஏழை தெசௌ நகரில் வாழ்ந்தார். 1729இற் பிறந்த அவர் மகன் மோசே, பதினான்கு வயதிற் பேர்லின் சென்று கற்று, ஐரோப்பா போற்றும் மெய்யியலறிஞர் ஆனார். எபிரேயத்தில் எழுதியபோது ‘தெசௌ நகரத்து மோசே’ என ஒப்பமிட்ட அவர், ஜேர்மன் மொழியிலே ‘மென்டெல்சோன்’ ஆனார். ‘மென்டெலின் மகன்’ என்பதே அதன் பொருள். பழைய ‘பென் மென்டெல்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் அவர் மகன் ஆபிரகாமும் மென்டெல்சோன் ஆனபோது சொல் தன் பொருளை இழந்தது. ஆபிரகாம் மோசேயின் மகனன்றி மென்டெலின் மகன் அல்லன். நகர்ந்துகொண்டிருந்த தந்தை பெயர் அத்தலைமுறையில் உறைந்து நின்றுவிட்டது. ஆபிரகாம் தம் மக்களைக் கிறித்தவராக்கினார்; மனைவியின் சகோதரன் ஏற்றிருந்த ‘பார்த்தோல்தி’ என்னும் பெயரையும் குடும்பப்பெயரோடு இணைத்தார். அவர் மகனே இசைமேதை பெலிக்ஸ். 1829இல் இலண்டன் நிகழ்ச்சிகளில் மகன் வெறும் மென்டெல்சோன் என அறிவிக்கப்பட்டதைக் கேட்டுத் தந்தை நீண்ட கடிதம் எழுதினார்: மென்டெல்சோன் என்பது யூதப் பெயர், தன் தந்தை பெயரை மாற்றியதுபோல் மகனும் மாற்றுதலே முறை, பார்த்தோல்தி என நிற்க என்பது அதன் சாரம். பெலிக்ஸ் இணங்கவில்லை. இரு பெயரையும் சேர்த்தே இறுதிவரை ஒப்பமிட்டார். ஜேர்மானியன் ஆதற்பொருட்டுப் பாட்டன் ஏற்ற ஜேர்மன் பெயர், இரு தலைமுறையில் யூதன் என்பதற்கு அடையாளமாகிவிட்டமையை இங்கே காண்கின்றோம். ஹொப்மனின் நண்பரும் அவர் வரலாற்றை எழுதியவருமாகிய இற்சிக் என்பார் தம் பெயருக்கு முன் ஓரெழுத்தை மட்டும் சேர்த்து ‘ஹிற்சிக்’ ஆகினார்; அவ்வோரெழுத்தைக் கவிஞர் ஹைனே எள்ளி நகையாடினார். ஹைனேயோ தாமும் 1825இல் ஞானஸ்நானம் பெற்று ‘ஹரி’ என்னும் பெயரை ‘ஹைன்ரிக்’ ஆக்கிக்கொண்டவர்.

ரஷியப் பேரரசில் 1804ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பப்பெயரை விதித்தது. 1835இல் அது வலியுறுத்தப்பட்டது. ஆனால் அங்கே பெயர்களை ஏட்டிற் பதிந்தோர் பெரும்பாலும் யூத சமூகத் தலைமைக்குழுவினரே. இதனாற் பெயர்களின் போக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது. மொகிலெவ் பகுதியிலே தாயின் பெயரிலிருந்து பிறந்த பெயர்கள் மலிந்தன: ரிவ்கா என்பவள் வழி ரிவ்கின், சாராவின் வழி சோர்கின், தெபொராளின் வழி துவோர்கின். சந்தையிற் கடைநடத்திய பெண்களே ஊரறிந்தவர்கள் என்பதனால் இவ்வாறு ஆயிற்றென்பர். அஃது உண்மையாயின் எல்லா மாவட்டங்களிலும் அவ்வாறே ஆதல் வேண்டும். கடைநடத்திய பெண்கள் எங்கும் இருந்தனர். ஆகவே அவ்விடத்துத் தலைவர்களின் விருப்பே முதற்காரணம் எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். வேறு பகுதிகளிலே தொழிற்பெயர்கள் மிகுந்தன. தையற்காரன் ஒருவனே இத்திஷ் மொழியில் ஷ்னைடர், ரஷியத்திற் போர்த்னோய், உக்ரெயின் மொழியிற் கிராவெட்ஸ், எபிரேயத்தில் கயாத், மகியார் மொழியிற் சபோ எனப் பல பெயராய் நிற்கின்றான். ஆசிரியன் மெலமெத் ஆயினான். மறைநூல் எழுதுவோன் சோபெர் ஆயினான்.

ஐரோப்பாவுக்கு வெளியே, நமக்கு அண்மையில், சட்டமின்றியே பெயர் அமைந்த யூதரும் உளர். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட கொச்சிச் செப்பேடு, அஞ்சுவண்ண உரிமைகளைப் பெற்ற யூதத் தலைவன் யோசேப்பை ‘இரப்பான்’ என்னும் சிறப்போடு குறிக்கின்றது. கொங்கணக் கரையின் பெனே இசுரவேலர், மராட்டியரைப் போன்று தம் ஊர்ப்பெயரோடு ‘கர்’ என்னும் விகுதி சேர்த்துக் கெகிம்கர், பென்கர், நவ்காவ்ன்கர் என விளங்கினர். அயலாரைப் போற் பெயர் கொள்ளுதற்கு ஆணையும் தண்டமும் வேண்டுவதில்லை என்பதற்கு அவர்களே சான்று.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்றோர் பெயர் மாற்றம் பற்றியும் கதை உண்டு. 1892 முதல் 1954 வரை குடியேறுவோர் வந்திறங்கிய எல்லிஸ் தீவில், எழுத்தறியாத உத்தியோகத்தர் வாய்க்கு வந்தவாறு பெயர்களை மாற்றினர் என்பது அது. முன்னரே சொல்லிக்கொடுத்த புதுப்பெயரை அச்சத்தால் மறந்த முதியவர் ஒருவர், இத்திஷ் மொழியில் ‘மறந்துபோயிற்று’ எனப் பொருள்படும் ‘ஷொயின் பர்கெசன்’ என்று சொல்ல, அது ‘ஷோன் பெர்குசன்’ எனப் பதியப்பட்டதாம்! சிரிப்புக்கு உரியது, வரலாறு அன்று. பயணிகள் பட்டியல் எழுதப்பட்டது கப்பல் புறப்பட்ட துறையிலே; தீவிலுள்ளோர் அதனைச் சரிபார்த்தனர், அவ்வளவே. நியூயோர்க் நகர நீதிமன்ற மனுக்களை ஆராய்ந்து கேர்ஸ்டன் பெர்மாக்லிக் 2018இல் வெளியிட்ட நூல், குடியேறியோரும் அவர் மக்களும் பல ஆண்டுகள் கழித்துத் தாமே நீதிமன்றம் சென்று பெயரை மாற்றினர் எனக் காட்டுகின்றது. வேலைக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கும்போது பெயரைக் கண்டே கதவடைக்கப்பட்டமை அதற்குக் காரணம். தாமே செய்ததை இலிகிதன் தலையிற் சுமத்தும் கதை, குடும்பத்துக்கு மனவமைதி அளித்திருக்கும் போலும்.

ஐரோப்பாவில் இருந்தவர்க்கு நேர்ந்தது எத்தகையது? 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17இல் நாசி அரசு ஓர் ஆணை வெளியிட்டது. யூதப் பெயரென அரசு பட்டியலிட்ட முற்பெயர் ஒன்று இல்லாத யூதர் யாவரும், ஆணாயின் ‘இசுரவேல்’ எனவும் பெண்ணாயின் ‘சாரா’ எனவும் கூடுதற் பெயர் ஒன்றை ஏற்கவேண்டும். கடிதத்திலும் ஒப்பத்திலும் அதனை எழுதவேண்டும். அதே ஆண்டுத் தொடக்கத்தில் வந்த சட்டம், முன்னர் அனுமதிக்கப்பட்ட பெயர் மாற்றங்களையும் இரத்துச் செய்ய இடமளித்திருந்தது. ஆகஸ்ட் ஆணை நடைமுறைக்கு வந்த நாள் 1939ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி. யோசேப்பின் ஆணை நடைமுறைக்கு வந்ததும் ஒரு ஜனவரி முதலாந் திகதியே. இடையிற் கழிந்தவை நூற்றைம்பத்தோராண்டுகள். எபிரேயப் பெயரை விட்டு ஜேர்மன் பெயரை ஏற்குமாறு ஓர் அரசு கட்டளையிட்டது. கட்டளைப்படி நடந்தோரின் கொள்ளுப்பேரரை வேறுபடுத்தி அறிய முடியவில்லை என எபிரேயப் பெயரைத் திரும்பச் சுமத்தியது மற்றோர் அரசு. சிலகாலத்தில் அவ்வேடுகளே நாடுகடத்தும் பட்டியல்களாயின. எருசலேமில் 1953இல் நிறுவப்பட்ட ‘யாத் வசேம்’ என்னும் நினைவகம், ‘நினைவுச் சின்னமும் பெயரும்’ எனப் பொருள்படும் வேதச் சொற்றொடரைத் தன் பெயராகக் கொண்டது. கொல்லப்பட்டோருள் நாற்பத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரை அது தேடித் திரட்டியுள்ளது. அப்பெயர்களுட் பல, ஒஸ்திரிய, ரஷிய இலிகிதரின் கையாற் பிறந்தவை. இறந்தோரைத் தேடும் உறவினர்க்கு இன்று பற்றுக்கோடாவதும் அவைதாம்.

பாலஸ்தீனத்துக்குச் சென்று குடியேறியோர் இப்பெயர்களைக் களைதலைத் தம் புதுவாழ்வின் தொடக்கமாகக் கருதினர். குறூன் என்பார் பழங்கால எருசலேமின் தலைவன் ஒருவன் பெயரைத் தழுவிப் பென்-கூரியோன் ஆயினார். இசுரவேல் நாடு தோன்றி, அவர் பிரதமரானபின், அயல்நாடு செல்லும் தூதுவரையும் படைத்தலைவரையும் எபிரேயப் பெயர் பூணுமாறு தூண்டினார். ஷ்கொல்னிக் எஷ்கோல் ஆனார். மேயர்சன் அம்மையார் 1956இல் வெளிநாட்டமைச்சர் ஆனபோது கோல்டா மெயிர் ஆனார். மூன்றாம் சனாதிபதியாகிய ருபசோவ், தம் பெயரின் எழுத்துக்களைப் பழைய அறிஞர் முறையிலே சுருக்கி ‘ஷசார்’ என வைத்துக்கொண்டார். அரசாணைக்கு மாறாக எழுந்த இவ்வியக்கமும் விரைவில் ஓர் அரசின் விருப்பமாகிவிட்டமை கவனிக்கத்தக்கது.

இவர்கள் எல்லார்க்கும் முன்னோடி, எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டவருள் தலைசிறந்த எலியேசர் பென்-யெகூதா. 1858இல் ரஷியப் பேரரசிற் பெர்ல்மன் என்னும் குடும்பப்பெயரோடு பிறந்தவர் அவர். தந்தையின் பெயர் யெகூதா. ஆகவே பென்-யெகூதா என்பது புதுமையன்று, பழைய முறைப்படி அவருக்கு உரிய பெயரே. ஆனால் அவர் மக்களுக்கு அது மீண்டும் உறைந்த குடும்பப்பெயராயிற்று. பத்திரிகையாளராக விளங்கிய மூத்த மகன் இதாமார் அதனை அவ்வாறே விட்டுவைக்கவில்லை. எலியேசர் பென் யெகூதா என்னும் பெயரின் எபிரேய முதலெழுத்துக்கள் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ‘அவீ’ என வரும். ‘என் தந்தை’ என்பது அதன் பொருள். தந்தையின் முதலெழுத்துக்களைத் தன் பெயரோடு சேர்த்து இதாமார் பென்-அவீ என்றே அவர் 1943இல் மறையும்வரை எழுதிவந்தார்.